பட்டாளத்து வயிறும் ரண சிகிச்சையும்

பெங்களூரில் 'மிலிட்டரி ஹோட்டல்' என்று பலகை தொங்கும் கடைகளுக்குள் பட்டாளத்தாரைத் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். ஆட்டிறைச்சிக் குழம்பும் ராகி முத்தையும் பரிமாறுகிற புலால் உணவுச்சாலைக்கு இந்த ஊரில் வழங்கும் பெயர் அது, அவ்வளவே. ஆனாலும், அல்சூர் ஏரியை அடுத்துள்ள எம்.இ.ஜி. முகாமிலிருந்து பென்ஷனில் வந்து, மர்பி டவுனிலோ லிங்கராஜபுரத்திலோ ஒரு சின்ன வீட்டை வாங்கிக் குடியமர்ந்துவிட்ட பழைய சிப்பாய்களில் சிலர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படி ஏற மூச்சு வாங்கி நடுவழியில் நிற்பதைப் பார்க்கும்போது, அந்தப் பெயருக்கும் அவர்களுடைய சரீரத்துக்கும் ஏதோ ஒரு சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றுவதுண்டு. பட்டாளத்தில் பழகிய பசி பட்டாளத்தோடு பென்ஷன் வாங்கிக்கொள்வதில்லை.

1780-இல் மதராஸ் பயனியர்களாகத் தோன்றி, இன்று மதராஸ் என்ஜினியர் குரூப், சுருக்கமாக எம்.இ.ஜி., என்று வழங்கும் அந்தப் படையில், சிப்பாய்க்கு எந்த வயதானாலும் 'தம்பி' என்றுதான் பெயர். விஷயத்தைக் கண்ணெதிரே நிறுத்திக்கொள்வதற்காக அப்படி ஒரு தம்பியை நாமே கற்பித்துக்கொள்வோம். பத்தொன்பதாம் வயதில், 168 சென்டிமீட்டர் உயரமும் 58 கிலோ எடையுமாகச் சேர்ந்தவர். பாலம் கட்டியும் பாதை வெட்டியும் மலையேறியும், நாளொன்றுக்கு மூவாயிரம் கலோரிக்கு மேற்பட்ட ரேஷனைச் செரித்தும் காலம் கழித்து, ஹவில்தாராகப் பென்ஷனில் வந்தவர். பிறகு ஒரு கம்பெனி வாசலில் இரவுக் காவல் மேற்பார்வையாளராக, நாற்காலியிலிருந்து எழவேண்டிய அவசியமே அதிகமில்லாத ஓர் உத்தியோகத்தில் அமர்ந்தவர். இப்போது வயது 54, எடை 118 கிலோ. சர்க்கரை வியாதி எட்டு வருஷமாக உண்டு. குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது. முழங்கால் வலிக்குத் தினம் ஒரு மாத்திரை. மாலையில் கேண்டீன் ரம் இரண்டு பெக். இத்தனையும் நமக்குப் பின்னால் வேண்டியிருக்கும் என்பதால் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை எண். நம் ஹவில்தாருக்கு அது சேரும்போது 20.5, இப்போது ஏறக்குறைய 42. மேல்நாடுகளில் 30-ஐத் தொட்டால்தான் ஸ்தூலம் என்பார்கள். இந்திய வைத்தியர்கள் 25-இலேயே அவ்விதம் சொல்லிவிடுகிறார்கள். இது வெறும் கண்டிப்பு அன்று. 2004-இல் 'லான்செட்' பத்திரிகையில் புனேயின் யாக்னிக், லண்டனின் யூட்கின் என்ற இரண்டு வைத்தியர்களின் புகைப்படம் ஒன்று வெளியாயிற்று. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3, ஆயினும் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதமாகவும் இந்தியரின் உடலில் 21.2 சதவீதமாகவும் இருந்தது. நம்மவர் கொழுப்பு, கைகால்களில் தெரியாமல் வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிப் பதுங்கிக்கொள்கிற ஜாதி என்பதால்தான், எடையைக் குறைப்பதற்கான அறுவையைப் பற்றி யோசிக்கத் தொடங்கவேண்டிய எல்லைக்கோட்டையும் ஆசிய மக்களுக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். 42 என்பது எந்தக் கோட்டுக்கும் மேலேதான்.

"பட்டாளத்துக்காரர், மனத்திண்மை உள்ளவர், வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிப் பார்க்காதவர் அல்லர் அவர். ஆனால் பசி என்பது நாக்கின் சபலம் மட்டுமே என்று நினைத்த காலம் போய்விட்டது. 1999-இல் ஜப்பானியரான கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையிலிருந்து 'கிரெலின்' என்ற ஒரு சுரப்பைப் பிரித்தெடுத்தார்கள். வயிறு காலியானதும் ரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போய், உண், உண் என்று நச்சரிப்பது அது. பத்தியம் இருந்து எடையைக் குறைத்தவர்களின் ரத்தத்தில் இந்த நச்சரிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதையும், ஓராண்டு கழிந்த பின்னும் அது பழைய நிலைக்கு இறங்காமல் இருப்பதையும் 2011-இல் மெல்பர்னில் கண்டு எழுதினார்கள். உடல் தன் உச்ச எடையைத் தன் சொத்தாகவே கருதுகிறது. அதில் ஒரு பகுதியைப் பறித்தால், வட்டியோடு மீட்டுக்கொள்ளும் வரையில் ஓய்வதில்லை. ரண சிகிச்சையின் பிரயோஜனம் இங்கேதான் ஆரம்பமாகிறது. வயிற்றைச் சிறிதாக்குவது வெளியே தெரிகிற வேலை. இந்தச் சுரப்புகளின் சம்பாஷணையை மாற்றுவதே உள்ளே நடக்கிற வேலை.

இந்தச் சிகிச்சையின் பூர்வகதை அவ்வளவு கௌரவமானதல்ல. 1954-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சிறுகுடலின் பெரும்பகுதியைப் புறக்கணித்து, முன்முனையைக் கடைமுனையோடு இணைத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, கூடவே கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டன. அந்த முறையைப் பிறகு கைவிட்டார்கள். 1966-இல் அயோவாவின் எட்வர்ட் மேசன் வேறொரு வழி கண்டார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டவர்கள் பிறகு பருப்பதே இல்லை என்ற அனுபவத்தைக் கவனித்து, இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்துக் குடலோடு நேரே இணைத்தார். இன்று 'பைபாஸ்' என்று எல்லாரும் சொல்லும் அறுவைக்கு மூலம் அது. அதில் குடலை ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போல் இணைக்கும் முறைக்கு, லோசான் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த செஸார் ரூ என்ற சுவிஸ் வைத்தியரின் பெயரே நிலைத்துவிட்டது. 1994-இல் கலிபோர்னியாவில் அதை வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியாகவே செய்து காட்டினார்கள்.

மற்றோர் அறுவை முறையான 'ஸ்லீவ்' பிறந்த கதை விநோதமானது. மிக மிகப் பருமனானவர்களுக்கு இரைப்பையைக் குறுக்கிக் குடலையும் திருப்பிவிடுகிற பெரிய அறுவையை ஒரே மூச்சில் செய்தால் உயிருக்கு ஆபத்து என்று, முதல் தவணையாக இரைப்பையை மாத்திரம் குறுக்கி அனுப்பினார்கள். சில மாதம் கழித்து இரண்டாம் தவணைக்கு வந்தவர்களில் பலர் அதற்குள்ளாகவே அவ்வளவு இளைத்திருந்ததால், இரண்டாவது தவணையே வேண்டியிருக்கவில்லை. பாதிக் கட்டடமே வீடாகிவிட்ட கதைதான். இன்று உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை அந்தப் பாதிக் கட்டடமே.

இரண்டையும் சற்று அருகே போய்ப் பார்ப்போம். ஸ்லீவ் முறையில், இரைப்பையின் வெளி வளைவை நெடுக்குவாட்டில், தையலும் வெட்டும் ஒருசேரச் செய்கிற ஒரு கருவியால் வெட்டி, ஏறக்குறைய முக்கால் பாகத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழத்தை ஒத்த குழாய். வெட்டி எறியப்படுகிற பாகத்தின் மேல் வளைவுதான் கிரெலினின் பிரதான உற்பத்திசாலை என்பதால், பல ஆண்டுகளாக விடாமல் கேட்டுவந்த அந்த நச்சரிப்பு திடீரென்று தணிந்துவிடுகிறது. குடலைத் தொடுவதில்லை, உணவு செல்லும் பாதை பழைய பாதையே. வெட்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது.

பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. உணவுக்குழாய் முடியும் இடத்தில், முப்பது மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையளவு. இந்த ஊர்க் காபிக் கடையில் 'பை-டூ' என்று சொல்லி இருவர் பங்கிட்டுக் குடிக்கும் அரைக் காபிகூட அதில் ஒரே தடவையில் நிற்காது. பிறகு சிறுகுடலை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் துண்டித்து, அதன் கீழ்முனையை மேலே இழுத்து இந்தப் பையோடு தைக்கிறார்கள். பெரிய இரைப்பையும் அதன் கீழுள்ள முன்சிறுகுடலும் உணவைக் காணாமல் ஒதுங்கிக் கிடக்க, பித்தநீரும் கணையநீரும் மாத்திரம் அந்தப் பழைய வாய்க்காலில் இறங்கி வந்து, ஒரு மீட்டருக்கு மேல் கீழே போய்த்தான் உணவோடு கலக்கின்றன. பாதி செரித்த உணவு இவ்வாறு சிறுகுடலின் பின்பகுதிக்குச் சீக்கிரமாகப் போய்ச் சேருவதால், அங்கே ஜி.எல்.பி.-1 போன்ற சுரப்புகள் மிகுந்து, கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைக் கூட்டி, மூளைக்கும் போதும் என்ற செய்தியை அனுப்புகின்றன. எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களுக்குள்ளாகவே சர்க்கரை இறங்குகிற ஆச்சரியத்தின் ரகசியத்தில் ஒரு பகுதி இதுவே.

இவற்றுக்கு நடுவே 'மினி பைபாஸ்' என்று ஒன்று இந்தியாவில் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. 1997 முதல் அமெரிக்கரான ரட்லெட்ஜ் செய்துவந்தது. இரண்டு இணைப்புக்குப் பதிலாக ஒரே இணைப்பு. வேலை சுருக்கம், நேரமும் மிச்சம். பிரான்சில் 253 பேரை இரு பிரிவாக்கிச் செய்து 2019-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், எடை குறைப்பில் அது பைபாஸுக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஆனால் பேதியும் ஊட்டச்சத்துக் குறைவும் அதில் கூடுதல். பருப்பும் சோறுமாக, முட்டைகூட வாரத்துக்கு ஒரு தரம் என்று சாப்பிடுகிற வீட்டில் இந்தக் குறையைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டும் 'பேண்ட்' முறை ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இப்போது போட்ட வளையங்களைக் கழற்றுவதுதான் அதிக வேலை என்பதால் அதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை.

இனி, எது மேல்? இந்தக் கேள்விக்குப் பழைய பட்டாளத்தாரின் சரீரங்களைக் கொண்டே விடை தேடியவர்கள் அமெரிக்க முன்னாள் படைவீரர் சுகாதாரத் துறையினர். பொதுவாக இந்த அறுவைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே நாம் படிக்கும் கணக்குகளும் பெரும்பாலும் பெண்களின் கணக்குகளே. படைவீரர் ஏடுகளிலோ நான்கில் மூன்று பேர் ஆண்கள், சராசரி வயது ஐம்பத்திரண்டு, கூடவே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். நம் ஹவில்தாரின் சகோதரர்கள் என்றே சொல்லலாம். 2016-இல் வெளியான அவர்களுடைய கணக்கின்படி, அறுவைக்கு நாலாண்டு கழித்துப் பைபாஸ் செய்துகொண்டவர் தம் பழைய எடையில் 27.5 சதவீதமும், ஸ்லீவ் செய்துகொண்டவர் 17.8 சதவீதமும், வளையம் மாட்டிக்கொண்டவர் 10.6 சதவீதமும் குறைந்திருந்தார்கள். 118 கிலோவுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் முறையே 32, 21, 12 கிலோ என்று சற்றேறக்குறைய வரும். பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பத்தாம் ஆண்டில் நிறுத்துப் பார்த்தபோதும் 28.6 சதவீதக் குறைவு நிலைத்திருந்தது. பழைய எடையின் கிட்டத்துக்கே திரும்பிவிட்டவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தாம். பத்தியமும் உடற்பயிற்சியும் எத்தனை பேருக்குப் பத்தாண்டு இவ்வளவைக் காத்துத் தந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், இதன் பெருமை விளங்கும்.

ஆயுள் நீளுமா என்ற வினாவுக்கு அதே துறையினர் இரண்டு விதமாக விடை சொன்னதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 850 பேரை ஏழாண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்த 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை, மரண விகிதத்தில் நிச்சயமான வித்தியாசம் ஒன்றும் காணோம் என்றது. 2500 பேரை மேலும் நீண்ட காலம் தொடர்ந்து 2015-இல் வெளிவந்த கட்டுரை, பத்தாண்டில் அறுவை செய்துகொண்டவர்களில் 13.8 சதவீதமும் செய்துகொள்ளாதவர்களில் 23.9 சதவீதமும் இறந்ததாகக் கண்டது. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முதலாண்டில் அறுவை செய்துகொண்டவர்களே சற்று அதிகம் இறந்தார்கள், 2.4 சதவீதம், மற்றவர்கள் 1.7 சதவீதம். லாபம் பிற்பாடுதான் வருகிறது; அவசரப்பட்டுக் கணக்கை மூடியவனுக்கு அது தென்படாது.

இவை சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகளல்ல. யாருக்கு எது என்பதை வைத்தியரும் நோயாளியுமே தேர்ந்துகொண்டார்கள். அவ்விதம் குலுக்கிப் பிரித்த சோதனைகள் பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நடந்தன. 2018-இல் அவை வெளியானபோது ஐந்தாண்டு முடிவில் பைபாஸே முன்னே இருந்தது. ஆனால் இடைவெளி படைவீரர் ஏடு காட்டிய அளவு பெரிதாக இல்லை. பின்லாந்தின் 240 பேரில், கூடுதல் எடை என்று கணக்கிட்டதில் பைபாஸில் 57 சதவீதமும் ஸ்லீவில் 49 சதவீதமும் போயிருந்தது. அவர்களையே மேலும் தொடர்ந்தபோது, சர்க்கரை அடங்கினவர்கள் பத்தாண்டு முடிவில் முறையே 33 சதவீதம், 26 சதவீதம். அவ்வளவு சிறு வித்தியாசத்தை நிச்சயமானதென்று கொள்ள முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது: குழாய் விட்டுப் பார்த்தபோது, அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருந்தது ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம்.

எத்தனை கிலோ குறையும் என்பதிலேயே கண்ணை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அறுவை ஒரு மணி இரண்டு மணி நேரத்து வேலை. அதற்குப் பிறகு அந்த வயிற்றோடு இருபது முப்பது வருஷம் குடித்தனம் நடத்தப் போகிறவர் ஹவில்தார். ஆகவே எடையைக் கேட்பதற்கு முன்னால் அவருக்கு நெஞ்செரிச்சல் உண்டா என்பதையும், அவருடைய முழங்காலையும் ரம்மையும் விசாரிக்க வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்கு விடை சுலபம். இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறவருக்கு ஸ்லீவ், இருக்கிற நெருப்புக்கு நெய். பைபாஸோ அதற்கு மருந்தாகவே ஆகிவிடுகிறது.

முழங்கால் அவ்வளவு சுலபமல்ல. சுமையும் பூட்ஸுமாக ஆண்டுக்கணக்கில் மலை இறங்கிய முழங்கால்கள் வலிக்காமல் என்ன செய்யும்? வலிக்கிறது, மாத்திரை போடுகிறார், அந்த மாத்திரை புரூபென், டைக்ளோபெனாக் வகையைச் சேர்ந்தது. இரைப்பைப் பைக்கும் குடலுக்கும் புதிதாகத் தைத்த இணைப்பில், அமிலத்துக்குப் பழக்கப்படாத குடல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே இந்த மாத்திரைகளும் புகையிலையும் சேர்ந்தால் புண் உண்டாகி, ரத்தம் கசியவும், சில சமயம் ஓட்டை விழவும் ஏதுவாகிறது. பைபாஸ் செய்துகொண்டவர் அவ்வகை மாத்திரையை ஆயுள் முழுவதும் மறந்துவிட வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வதன் காரணம் இது. மினி பைபாஸுக்கும் இதே விதிதான். அந்த இணைப்பே இல்லாத ஸ்லீவ் இந்த வகையில் பட்டாளத்தாருக்கு இணக்கமானது. ஆனால் உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். முப்பது கிலோ போனால் அடிக்கு நூற்றிருபது கிலோ! எவ்வளவுக்கெவ்வளவு இளைக்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம். மாத்திரைக்காகச் சிறிய அறுவையைத் தேர்வதா, மாத்திரையை ஒழிக்கப் பெரிய அறுவையைத் தேர்வதா என்பது, வைத்தியர் அவருடைய முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் நிர்ணயிக்க முடிந்த விஷயம். குருத்தெலும்பு தேய்ந்து எலும்பு எலும்பைத் தொட்டுவிட்டதென்றால் இளைத்த பின்னும் வலி நிற்காது.

ரம் விஷயத்தில் வைத்தியரிடம் உண்மை பேசுகிறவர் குறைவு. பைபாஸுக்குப் பிறகு மது இரைப்பையில் தங்காமல் நேரே குடலில் இறங்கி, சில நிமிஷங்களில் ரத்தத்தில் உச்சிக்கு ஏறிவிடுகிறது. இரண்டு பெக் நாலு பெக்கின் வேலையைச் செய்கிறது. 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், மதுவால் தொல்லைக்கு ஆளானவர்கள் அறுவைக்கு முன் 7.6 சதவீதமாக இருந்து, இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். சோற்றில் கிடைத்துவந்த ஆறுதலைப் பறித்துக்கொண்டால் மனம் வேறோர் ஆறுதலைத் தேடத்தானே செய்யும்! கேண்டீன் கார்டில் மாதந்தோறும் பாட்டில் வந்து சேரும் வீட்டில், அறுவைக்கு நாள் குறிக்கும் முன் அதைப் பேசி முடிப்பது புத்திசாலித்தனம்.

அறுவைக்குப் பின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் கஞ்சித் தெளிவும் மோரும். பிறகு மசித்த உணவு. ஒரு மாதத்துக்கு மேல் மென்மையான இட்லி, அதுவும் ஒன்றைத் தின்ன இருபது நிமிஷம். நாளுக்கு அறுபது முதல் எண்பது கிராம் புரதம் உள்ளே போக வேண்டும்; அதனால் தட்டில் முதலில் முட்டை, மீன், பன்னீர், பருப்பு; சோறு கடைசியில், இடம் இருந்தால். பைபாஸ்காரர் மைசூர்பாகைத் தின்றால் அரை மணிக்குள் வியர்வையும் படபடப்பும் வயிற்று முறுக்கும் வந்து, இனிப்பின் மேலே ஒரு பயத்தையே உண்டாக்கிவிடும். இரும்பு, சுண்ணாம்பு, பி-12, டி ஆகியவற்றை மாத்திரையாக ஆயுள் உள்ளவரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை. நேரத்துக்கு எழுந்து நேரத்துக்கு உண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்து பழகிய பட்டாளத்தாருக்கு இது மற்றவர்களைவிட எளிது என்பது என் நம்பிக்கை.

கத்தியே வேண்டாம், ஊசி போதும் என்கிறவர்களுக்கும் இப்போது வழி உண்டு. முன்னே சொன்ன குடல் சுரப்பைப் போலிசெய்யும் மருந்துகளில் டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடைக்கென்றே அமைந்த செமக்ளுடைட் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. நன்றாகவே வேலை செய்கின்றன. நிறுத்தினால் எடை திரும்புகிறது. 42 என்ற எண்ணோடும் சர்க்கரையோடும் இருப்பவருக்கு இவை அறுவைக்கு முன்னோடியாகவோ பின்துணையாகவோ பயன்படும். தனியாக அந்த இடத்தைப் பிடிக்கும் என்று இன்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னாள் படைவீரருக்கென 2003 ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தின் அங்கத்தினர், தம் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து பெறும் பரிந்துரையோடுதான் பட்டாள ஆஸ்பத்திரிக்கோ, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். தாமாக ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பிறகு பில்லை நீட்டினால் அலைச்சல்தான் மிச்சம். அந்த முதல் சந்திப்பில், பாலிகிளினிக் டாக்டருக்கு உங்களைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிஷமே. ஆதலால் தம்பிமாரே, கார்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, நாளைக்கு எத்தனை பெக் என்பதை ஒரு சீட்டில் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள். தலைமாட்டில் கிடக்கிற முழங்கால் மாத்திரையின் காலி அட்டையையும் மறக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.